குளியலறையில் ஒரு டிரெய்லர் லாரி

"இன்னாமே, உள்ள குளிக்கிறியா, குடும்பம் நட்த்துறியா?"

குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர் அன்பு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். வண்டியோடு வரிசையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். எண்ணூர் சாலையின் தூசு முழுவதும் அவர் உடம்பில் இருந்தது. அவர் குளிக்க வேண்டும். எனக்கோ இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும்.

உள்ளே நான் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசத்தோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கவிழ்த்து வைத்த வாளி. அதன்மேல் ஒரு குச்சியில் செருகி நின்றது, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு பொம்மை லாரியின் முகப்பு, ஓட்டுநர் உட்காரும் கேபின். வழவழவென்று வெள்ளைப் பிளாஸ்டிக். என் வலது கையில் ஏர்பிரஷ். பேனா அளவுள்ள பெயின்ட் துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் இருந்த சின்னக் கிண்ணத்தில், பால் பதத்துக்குக் கரைத்த சாம்பல் நிறப் பிரைமர்.

"யோவ், கொஞ்சம் இருய்யா. மூச்சு வுடாத!"

"நான் வெளிய மூச்சு வுட்டா உள்ள இன்னாமே ஆவும்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். என் வலது கைக்கு இன்னொரு அறுவைசிகிச்சை தேவையா இல்லையா என்று டாக்டர் சொல்லப்போகும் நாள் அது. ஆள்காட்டி விரலை ஏர்பிரஷின் விசைமேல் வைத்தேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், ஒரு குத்துச்சண்டைக்காரி பொம்மை லாரியோடு குளியலறைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூடாத முஷ்டி

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வலது கையை நன்றாகத் தெரியும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்த சங்கமித்ராவை ஊர் ஊராகக் கூட்டிப்போனது அந்தக் கைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ராயபுரத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்ததும் அதுதான். ரிங்கைவிட்டு இறங்கி வெகுகாலம் ஆன பிறகும், பேருந்தில் யாராவது முறைத்தால் அது தானாக மூடிக்கொள்ளும்.

அந்தக் கையை உடைத்தது எந்த எதிராளியும் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ. மழைக்காலத்தில் பள்ளம் எது, குட்டை எது என்று தெரியாத சாலையில் ஆட்டோ ஒருக்களித்துச் சாய்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் கையை ஊன்றி விழுந்தேன். முன்கையில் எலும்பு முறிவு. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் தன் கட்டை விரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "இது மாதிரி செய்யுங்கம்மா" என்றார்.

செய்தேன். வட்டம் வரவில்லை. நசுங்கிய இட்லி மாதிரி ஏதோ ஒன்று வந்தது. இரண்டு விரல் நுனிகளும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றன.

"எலும்பு சேர்ந்துடுச்சு. உள்ள போற ஒரு நரம்புதான் அடிபட்டுக் கிடக்கு. திரும்பி வரும்னு காத்திருப்போம். வரலைன்னா இன்னொரு ஆபரேஷன் செஞ்சு, வேற தசைநாரை எடுத்து இந்த விரலுக்குக் கட்டணும். அதுவரைக்கும் விரலைச் சும்மா வெச்சிருக்காதீங்க. மூட்டு இறுகிடும்" என்றார்.

விரல் நுனி மடங்காவிட்டால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கலாம். ஒரு சிட்டிகை உப்பு எடுக்க முடியாது. புடவைக்கு ஊக்கு குத்த முடியாது. மீனில் முள் எடுக்க முடியாது. வஞ்சிரத்தைத் தவிர மற்ற மீனையெல்லாம் அன்பு எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஒரு மனிதர் மத்தி மீனைப் பிய்த்துத் தட்டில் வைக்கும்போது வருகிற அழுகையை அடக்குவது சாதாரண காரியமில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் கண்ணாடி. வீட்டில் யாரும் இல்லாதபோது அதன் முன்னால் நின்று முஷ்டியை மூடிப் பார்ப்பேன். மற்ற விரல்கள் எப்படியோ மடங்கிவிடும். ஆள்காட்டி விரல் மட்டும் யாரையோ சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கும்.

பஷீரின் மேசைக்கடியில்

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி பஷீர். என் வயதுதான். நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும் விமானங்களை ஒட்டி, வண்ணம் பூசி, வீட்டு அலமாரி முழுக்க நிறுத்தி வைத்திருப்பார். அவர் மனைவி பாத்திரம் வைக்க இடமில்லை என்று அலுவலகத்துக்கே போன் செய்து சண்டை போட்டிருக்கிறார்.

ஒரு நாள் பஷீர் தன் மேசைக்கடியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்றில் டிரெய்லர் லாரி, துண்டு துண்டாக. இன்னொன்றில் ஏர்பிரஷும், அதற்குக் காற்று அடித்துக் கொடுக்க, சோற்றுப் பானை அளவில் ஒரு குட்டிக் கம்ப்ரஸரும்.

"லாரி உங்க வூட்டுக்காரருக்காக வாங்கினது. இந்த ஏர்பிரஷ்ஷு என் தலைவிதி, நீ எத்துக்கினு போ. தண்ணில கரையிற அக்ரிலிக் பிரைமர இதுல போட்டு அட்ச்சேன். நம்ம உப்புக் காத்துக்கும் தூசுக்கும் வேலைக்கே ஆவல மித்ரா. ஏரோபிளேனுக்குச் சொறி புட்ச்ச மாதிரி ஆய்ப்போச்சு. வுட்டுட்டேன்."

"வேலைக்கு ஆவாதத எனக்கு எதுக்குக் குட்க்குற?"

"ஒன் விரலுக்கு வேல வேணும்னு டாக்டர் சொன்னாருன்னியே. பாரு, இத்த கீழ அமுக்கினா காத்து வரும். அப்படியே பின்னால இழுத்தா பெயின்ட் வரும். இது ஒரு விரலாலயே செய்ற வேலை."

அமுக்கிப் பார்த்தேன். அமுங்கியது. பின்னால் இழுக்கப் பார்த்தேன். விரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்து, விசையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது.

பஷீர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஃபைலைத் திறந்துகொண்டார். அதற்காகவே பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

லுங்கித் துணி

பிரைமர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அது அடிப்பூச்சு. பிளாஸ்டிக் வழுக்கும், நேரடியாக வண்ணம் அடித்தால் நகம் பட்டதும் உரிந்து வரும். பிரைமர் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும், வண்ணம் பிரைமரைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் பார்க்கிறவர்கள் வண்ணத்தைத்தான் மெச்சுவார்கள். அடியில் இருப்பது யார் கண்ணுக்கும் படாது.

எனக்கு இது புதிதில்லை. கையுறைக்குள்ளே சுற்றும் கட்டுத்துணியும் அப்படித்தான். என் முதல் போட்டியில் கட்டுத்துணி வாங்கவில்லை. அப்பாவின் பழைய லுங்கியைக் கிழித்து, அக்கா என் கை இரண்டிலும் சுற்றிவிட்டாள். கட்டம் போட்ட நீல லுங்கி. ரிங்கில் கையுறையின் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கியது. எதிரே நின்றவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது சுற்றில் அவள் சிரிக்கவில்லை. சரி, அந்தக் கதையை முன்பே சொல்லிவிட்டேன்.

சொறி

முதலில் மொட்டைமாடியில் அடித்தேன். திருவொற்றியூரில் எங்கள் வாடகை வீட்டு மாடியிலிருந்து கடல் தெரியும். கடல் தெரிந்தால் காற்றும் வரும். பிரைமர் லாரியைத் தொடுவதற்கு முன்பே பாதி வழியில் காய்ந்து, மாவு தூவினதுபோலப் போய் ஒட்டியது. தடவினால் மணல் தாள். அருகே கொண்டுபோய் அடித்தேன், வழிந்து ஓடியது. அதற்குள் ஏர்பிரஷின் மூக்கு வெயிலில் காய்ந்து அடைத்துக்கொண்டது. இந்த லட்சணத்தில் என் விரல் வேறு வழுக்கி வழுக்கி, விட்டு விட்டுத் துப்பியது. சாலையிலிருந்து பறந்து வந்த கரித்தூள், ஈரப் பூச்சின்மேல் எள் தூவினதுபோல உட்கார்ந்தது.

பஷீர் சொன்னது சரிதான். சொறியேதான்.

ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தால் பிரைமர் கழன்றுவிடும். தேய்த்துக் கழுவினேன். மறுபடி அடித்தேன். மறுபடி சொறி. மறுபடி கழுவினேன்.

"ஏம்மே, இது என் பல்லு விளக்குற பிரஷ்ஷு தான?" என்று ஒரு காலையில் அன்பு கேட்டார்.

"ஆமா. புதுசு எட்த்துக்கோ."

அவர் புதுசை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

சேஸி, சக்கரம், பின்னால் இழுக்கும் டிரெய்லர் எல்லாவற்றையும் இடது கையால் அடித்து முடித்தேன். இடது கையில் ஓரளவு வரத்தான் செய்தது. அன்பு, "அப்ப இதாலயே முட்ச்சுட வேண்டியதுதான" என்றார். முகப்பை மட்டும் விட்டு வைத்தேன். பார்க்கிறவர் கண் முதலில் போகிற இடம் அது. அதை வலது கையால்தான் அடிப்பேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அறுவைக்குப் பிறகுதான் முடியும் என்றால் அதற்குப் பிறகு அடிக்கிறேன். ஆனால் வலது கைதான்.

ஆனால் பூச்சில் இன்னொரு கோளாறும் இருந்தது. எந்தக் கையால் அடித்தாலும் நடுநடுவே கொப்புளம் மாதிரி வட்ட வட்டமாக விலகிப் பிளாஸ்டிக் தெரிந்தது. இதைக் கண்டுபிடித்தவர் அன்பு. கம்ப்ரஸரைத் தட்டிப் பார்த்தார். அடியில் இருந்த குட்டித் திருகைத் திறந்தார். தரையில் தண்ணீர் ஒழுகியது.

"எங்க வண்டில பிரேக்குக்குக் காத்து டேங்கு கீது இல்ல? தெனம் காலைல தண்ணி எறக்கிட்டுதான் வண்டிய எடுப்போம். காத்த அமுக்கி அமுக்கி வெச்சா தண்ணி வந்துடும்மே. அதுவும் நம்ம ஊரு காத்துல பாதி கடலு."

அன்று முதல் திருகைத் திறந்து நீரை இறக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கொப்புளம் நின்றது.

குளியலறை யோசனை என்னுடையது. ஒரு காலையில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, சாளரத்து வெளிச்சக் கற்றையைப் பார்த்தேன். வீட்டில் மற்ற இடமெல்லாம் அந்தக் கற்றையில் தூசு மிதந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரு துகள்கூட இல்லை. சுவரும் தரையும் ஈரம். பறந்த தூசெல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஈரக்காற்றில் ஏர்பிரஷின் மூக்கும் சீக்கிரம் காயாது. கடல்காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே, சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு, வெளியே இழுக்கும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என்ன?

சோதனைக்குப் பழைய பால் டப்பா மூடியில் இடது கையால் அடித்துப் பார்த்தேன். மழமழவென்று வந்தது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. என் விரல்.

வாளிமேல் லாரி

இப்போது கதவுக்கு வெளியே அன்பு துண்டோடு நிற்கிறார். உள்ளே நான் விசையை அமுக்குகிறேன்.

காற்று வந்தது. ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். லாரிக்கு இடதுபுறம் வெறுங்காற்றில் ஆரம்பித்து, மெதுவாக வலதுபுறம் நகர்த்தினேன். எப்போதும் வழுக்குகிற இடம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலைப் பின்னால் இழுத்தேன்.

வழுக்கவில்லை.

வெள்ளைப் பிளாஸ்டிக்கின்மேல் ஒரு சாம்பல் பட்டை, ஈரமாக, மினுமினுவென்று விழுந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சு மறைவதுபோல அந்த மினுமினுப்பு அடங்கி, பட்டையாக நின்றது. மாவு இல்லை. வழியல் இல்லை. லாரியைத் தாண்டி வெறுங்காற்றில் விசையை விட்டேன். திரும்ப ஆரம்பித்தேன். இரண்டாவது பட்டை, முதல் பட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. கொஞ்சம் அதிகம் வேண்டும் என்று நினைத்தேன். விரல் கொஞ்சம் அதிகம் இழுத்தது. குறைய வேண்டும் என்று நினைத்தேன், குறைத்தது. கதவு, கூரை, முகப்பின் கம்பி வரிசை, விளக்குக் குழி. கடைசியாக மூலைகளில் நுனியை வைத்து ஒரு சின்ன இழுப்பு.

முடித்துவிட்டு லாரியைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தேன். நுனி மடங்கி விசையைக் கொக்கி போலப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏர்பிரஷைக் கீழே வைத்தேன். விரலை நீட்டினேன். மடக்கினேன். மடங்கியது. கொஞ்சம் நடுக்கத்தோடு, சோம்பேறித்தனமாக, ஆனால் மடங்கியது. நாலைந்து தடவை செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன். முகக்கவசத்துக்குள் என் மூச்சு சூடாக அடித்தது.

கதவைத் திறந்தேன். அன்பு முன்னால் கையை நீட்டி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போட்டுக் காட்டினேன்.

"இன்னா, சூப்பரா வந்துச்சா? சரி, நகரு, நான் குளிக்கணும்."

"யோவ், லாரி இல்லய்யா. விரலப் பாரு!"

பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு அவர் கண் அகன்றது. என் விரல் நுனியைத் தன் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். வட்டம் பிரியவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். பிரியவில்லை.

"ஐய… மித்ரா… வந்துட்ச்சும்மே!"

அந்த இடத்திலேயே, ஈரக் கால்மிதியின்மேல், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எண்ணூர் சாலைத் தூசு படிந்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. நானும் உட்கார்ந்தேன். குளிக்க வந்தவர் குளிக்க மறந்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு விரலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். அன்று மதியம் மத்தி மீன் குழம்பு. முள்ளை நானே எடுத்தேன். அவருக்கும் சேர்த்து எடுத்தேன்.

மறுநாள் டாக்டர் என் விரல்களுக்கு இடையில் ஒரு தாளைக் கொடுத்து இழுத்தார். தாள் கிழிந்தது, விரல் விடவில்லை. "ஆபரேஷன் வேண்டாம்மா" என்றார்.

ஏர்பிரஷ் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நரம்பு தானாத்தான் திரும்பி வந்திருக்கு. பெயின்ட் அடிச்சு வரவெச்சதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆனா மூட்டு இறுகாம இருந்தது உங்க வேலைதான்" என்றார்.

அவர் சொன்னபடியே இங்கே எழுதிவிட்டேன். வெளியே வந்ததும், மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று வலது முஷ்டியை மூடினேன். முழுதாக மூடியது. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் ஏனோ ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

மண்டபத்தில்

இப்படி மாதிரி வண்டி, விமானமெல்லாம் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதே பஷீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். போர்க்கப்பல், விமானம், பந்தயக் கார் என்று மேசை மேசையாக. நடுவில் என் டிரெய்லர். முகப்புக்கு ஆரஞ்சு. கன்டெய்னருக்குத் துருப்பிடித்த நீலம். மட்கார்டில் எண்ணூர்ச் சேறு.

பஷீர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகப்பை வெகுநேரம் பார்த்தார்.

"அடியில அதே அக்ரிலிக் பிரைமரா? என் ஏர்பிரஷ்ஷா?"

"அதேதான்."

"இவ்ளோ மழமழன்னு எங்க வெச்சு அட்ச்ச?"

"பாத்ரூம்ல."

"மித்ரா, அத்த திருப்பிக் குட்த்துடேன்."

"போ மாமு. வேற வாங்கிக்கோ."

புதிதாகச் செய்கிறவர்களுக்கான பரிசு ஒன்று இருந்தது. ஒலிபெருக்கியில் முதல் பரிசு என்று என் பெயரைச் சொன்னார்கள். மேடைக்குப் போய் வலது கையால் வாங்கிக்கொண்டேன். ரிங்கில் வாங்கிய பதக்கங்கள் இருக்கின்றன. எதையும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்று நடந்து வந்த நடை எனக்கே தெரிந்தது. தரை என்னுடையது என்பதுபோல நடந்தேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது வாசலில் சலசலப்பு. அன்பு வந்திருந்தார். தனியாக வரவில்லை. துறைமுக வரிசையில் அவரோடு கிடக்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள் ஒரு கூட்டமாக, வேலை முடிந்த காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்கள். அதுவரை மண்டபத்தில் அமைதியாகக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களுக்கு வழிவிட்டார்கள். அத்தனை பேரும் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டேய், டயருல கீற பட்டன் வெட்டுகூட தெரியுதுடா!"

"மட்கார்டுல சேறு கீது பாரு. நம்ம ரோட்டுச் சேறேதான்."

அவர்களில் மூத்தவர் முனுசாமி அண்ணன். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவர். மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, லாரியின் முகப்புக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். கைபட்டால் அழுக்காகிவிடும் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, மண்டபமே கேட்கும் குரலில் கேட்டார்.

"யார்து நைனா இந்த வண்டி? டிரைவர் யாரு?"

அன்பு என் பக்கம் திரும்பினார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்கூட்டம்மா வண்டிண்ணா. நான் இதுல கிளீனரு."